தொழிற்களத்தில் ஆய்வு நெறி

முன்னுரை

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் புறநகர் மின்வண்டியில் காலை நேரத்தில் ஏறிப் பார்த்தால், சாப்பாட்டு அடுக்கும் அடையாள அட்டையுமாய் நூற்றுக்கணக்கான இளைஞர்களைக் காணலாம். இரும்புருக்கு ஆலைகளும் வார்ப்பாலைகளும் நிறைந்த கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்திற்கும், டயர்த் தொழில் வேரூன்றிய தேர்வாய்கண்டிகைக்கும் செல்வோர் அவர்கள். மேற்கே திருவள்ளூர்த் தடத்தில் செல்லும் வண்டிகளிலும் இதே காட்சிதான். அம்பத்தூர், ஆவடி, காக்களூர் எனத் தொழிற்பேட்டைகள் அங்கே தொடர்ந்து நிற்கின்றன. இக்கூட்டத்தில் நம்மைப் போன்ற கல்லூரிகளில் பட்டம் பெற்றவர்களும் உளர். கணக்கராக, பண்டகக் காப்பாளராக, தர ஆய்வாளராக, மேற்பார்வையாளராக அவர்கள் பணியில் அமர்கின்றனர்.

அவர்களுள் வணிகவியலும் மேலாண்மையும் பயின்றோர் 'வணிக ஆய்வு முறைகள்' என்னும் பாடத்தைக் கற்றுத் தேர்வெழுதியவர்கள். தமிழிலக்கியம் பயின்றோர் 'ஆராய்ச்சி நெறிமுறைகள்' என்னும் பாடத்தைக் கற்றவர்கள். ஆயினும் ஆலை வாயிலைக் கடந்த அன்றே அப்பாடம் மறக்கப்படுகிறது. கருதுகோள், மாதிரி, தரவு, பகுப்பாய்வு ஆகிய சொற்கள் தேர்வுத் தாளோடு முடிந்துவிட்டன என்று பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. ஆய்வு நெறி ஆலைக்குள் பயன்படாமற் போகும்போது, யாரோ ஒரு தொழிலாளி செய்யாத பிழைக்குப் பொறுப்பேற்க நேரிடுகிறது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வு என்பது யாது?

ஆய்வு என்றதும் ஆய்வுக்கூடமும் கணினியும் நம் நினைவுக்கு வருகின்றன. அவையின்றியும் ஆய்வு நடந்திருக்கிறது. 1887-ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியையும் 1894-ஆம் ஆண்டில் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், கிடைத்த ஓர் ஏட்டை அப்படியே அச்சிற்குத் தந்துவிடவில்லை. பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் தேடித் திரட்டினார், ஒன்றோடொன்று ஒப்பிட்டார், பாட வேறுபாடுகளைக் குறித்தார், எப்பாடம் பொருந்தும் என்பதைச் சான்று கொண்டு முடிவு செய்தார். சான்று திரட்டல், ஒப்பிடல், வேறுபாட்டைப் பதிவு செய்தல், காரணம் காட்டி முடிவு கூறல் என்னும் இந்நான்கும் இன்றைய வணிக ஆய்வின் உறுப்புகளே. ஆகவே தமிழ் மாணவர் இத்துறையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மூலபாட ஆய்வைக் கற்றவருக்கு ஆலையின் பதிவேடும் ஒரு மூலபாடமே.

செவிவழிச் செய்தியை ஆராயாது ஏற்றல் ஆகாது என்னும் எச்சரிக்கையும் புதியதன்று. துனிசு நகரிற் பிறந்த வரலாற்றறிஞர் இப்னு கல்தூன், 1377-ஆம் ஆண்டில் எழுதிய 'முகத்திமா' என்னும் நூலில், முன்னோர் எழுதிவைத்த படைகளின் எண்ணிக்கையை வினாவுக்கு உட்படுத்தினார். அத்துணை பெரும்படை ஒரு நிலப்பரப்பில் அணிவகுக்க இடம் உண்டா, அதனை ஊட்டிக் காக்க அந்நாட்டால் இயலுமா என்று கேட்டுப் பார்த்தார். சொன்னவர் எத்துணைப் பெரியவராயினும் சொல்லப்பட்டது இயற்கைக்குப் பொருந்துகிறதா என்று நோக்க வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. திருக்குறளில் 'தெரிந்து செயல்வகை' என்று ஓர் அதிகாரமே அமைந்திருப்பதையும், 'மருந்து' அதிகாரம் நோயின் மூலத்தைக் கண்டறிவதை மருத்துவத்தின் முற்படியாக வைத்திருப்பதையும் நம் மாணவர் அறிவர். நோய் இன்னதென அறியாமல் மருந்து கொடுப்பது எத்துணைத் தீங்கோ, அத்துணைத் தீங்கு காரணம் அறியாமல் ஆலையில் ஆணை பிறப்பிப்பது.

ஆலையில் பிறந்த முறைகள்

நாம் வகுப்பறையிற் கற்கும் புள்ளியியல் முறைகளுட் சில, பல்கலைக்கழகத்தில் அல்ல, தொழிற்கூடத்தில் தோன்றியவை என்பது பலரும் அறியாத செய்தி. அயர்லாந்தின் டப்ளின் நகரில் இருந்த கின்னஸ் மதுவடிப்பாலையில் 1899-ஆம் ஆண்டில் பணிக்குச் சேர்ந்தவர் வில்லியம் காசெட். வாற்கோதுமை முதலிய மூலப்பொருள்களின் தரத்தை அவர் மதிப்பிட வேண்டியிருந்தது. ஆனால் அவருக்குக் கிடைத்த சோதனை முடிவுகளோ மிகச் சில. சிலவற்றை மட்டும் கொண்டு எந்த அளவு உறுதியாகப் பேசலாம் என்னும் வினாவுக்கு விடை தேடி, 1908-இல் 'மாணவன்' எனப் பொருள்படும் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை வெளியிட்டார். இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் டி சோதனைக்கு அதுவே அடிப்படை.

அமெரிக்காவில் பெல் தொலைபேசி நிறுவனத்தைச் சார்ந்த வால்டர் ஷூஹார்ட், 1924-ஆம் ஆண்டில் கட்டுப்பாட்டு வரைபடம் என்னும் கருவியை உருவாக்கினார். அதன் கருத்தை நம் புறநகர் வண்டியைக் கொண்டே விளக்கலாம். வண்டி ஒருநாள் இரண்டு நிமிடம் முந்தும். மறுநாள் நான்கு நிமிடம் பிந்தும். இவ்வேறுபாடு அன்றாடம் உள்ளது. இதற்கெல்லாம் ஓட்டுநரை அழைத்து விளக்கம் கேட்பதிற் பொருளில்லை. ஒருநாள் ஒரு மணி நேரம் பிந்தினால் அதற்குத் தனிக்காரணம் உண்டு; அதனைத் தேட வேண்டும். அன்றாட வேறுபாட்டையும் தனிக்காரணத்தால் விளையும் வேறுபாட்டையும் பிரித்தறிய, சராசரிக்கு மேலும் கீழும் திட்ட விலக்கத்தின் மும்மடங்கு தொலைவில் எல்லைக் கோடுகளை அவர் வரைந்தார். கோட்டிற்குள் நிற்கும் ஏற்ற இறக்கத்திற்காக ஒருவரைப் பாராட்டுவதும் மற்றொருவரைக் கண்டிப்பதும் வீண்செயல் என்பது அவ்வரைபடம் தரும் பாடம்.

இந்நெறி இந்தியாவிற்கு வருவதற்கும் நெடுங்காலம் ஆகவில்லை. பி.சி. மகலனோபிஸ் 1931-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவினார். அவர் அழைப்பை ஏற்று ஷூஹார்ட் 1947-48-இல் இந்தியா வந்தார். ஷூஹார்ட்டின் கருத்துகளைக் கற்ற எட்வர்டு டெமிங், 1950-இல் ஜப்பானிய அறிவியலாளர் பொறியாளர் சங்கத்தின் அழைப்பில் அங்குச் சென்று விரிவுரை ஆற்றினார். போரில் நொடிந்து கிடந்த ஜப்பானியத் தொழில்துறை அவ்விரிவுரைகளைக் கேட்டதோடு நிற்கவில்லை, நாள்தோறும் நடைமுறைப்படுத்தியது. 1951-இல் அவர் பெயரால் டெமிங் பரிசும் நிறுவப்பட்டது. திட்டமிடு, செய், சரிபார், திருத்து என்னும் நான்கு படிகள் கொண்ட சுழற்சி அதனாற் புகழ் பெற்றது. உற்றுநோக்கினால், கருதுகோள் அமைத்துச் சோதித்து முடிவு காணும் ஆய்வு முறையே அச்சுழற்சியாக வடிவெடுத்திருப்பது புலனாகும்.

பாடி தந்த பாடம்

இவையெல்லாம் அயல்நாட்டுச் செய்திகள் என்று ஒதுக்கிவிட இடமில்லை. சென்னையிலிருந்து திருவள்ளூர் நோக்கிச் செல்லும் எம்.டி.எச். சாலையில் முதலில் எதிர்ப்படும் தொழிலூர் பாடி. அதனையடுத்து, 1949-இல் தோன்றிய டி.ஐ. சைக்கிள் நிறுவனத்தால் பெயர்பெற்ற அம்பத்தூரும், கனரக ஊர்தித் தொழிற்சாலை அமைந்த ஆவடியும் வருகின்றன. 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் உருவானபோது பாடியும் அம்பத்தூரும் அதில் இடம்பெற்றிருந்தன. 2018-இல் சென்னை மாவட்டம் விரிவாக்கப்பட்டபோது அவை சென்னையோடு சேர்ந்தன.

அந்தப் பாடியில் இயங்கிய சுந்தரம்-கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998-ஆம் ஆண்டில் டெமிங் பரிசைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. பாடியைச் சார்ந்த சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 2001-இலும், லூகாஸ்-டி.வி.எஸ் 2004-இலும் அதே பரிசைப் பெற்றன. ஒரே சாலையின் ஓரத்தில் இத்தனை பரிசுகள் வந்து சேர்ந்தமை எண்ணிப் பார்க்கத்தக்கது.

இப்பரிசு அழகிய கட்டடத்திற்கோ மிகுந்த இலாபத்திற்கோ வழங்கப்படுவதன்று. நிறுவனத்தின் எல்லாப் படிநிலையிலும் சிக்கல்களை உண்மை விவரங்களைக் கொண்டு ஆராய்ந்து களையும் வழக்கம் ஊன்றியிருக்கிறதா என்பதையே தேர்வாளர்கள் நோக்குகின்றனர். எந்திரத்தின் அருகில் நிற்கும் தொழிலாளியும் குறையை எண்ணிப் பதிவு செய்ய, வரைபடத்தில் இட, காரணம் தேட, மாற்றம் செய்து மீண்டும் எண்ணக் கற்றிருக்க வேண்டும். தொழிலாளர் சிறு குழுவாகக் கூடித் தம் பணியிடச் சிக்கலைத் தாமே ஆராயும் தரவட்டங்கள் ஜப்பானில் 1962-இல் தொடங்கின. இந்தியாவில் 1980-இல் ஐதராபாத்தின் பி.எச்.இ.எல். தொழிற்சாலையில் முதலில் அமைந்தன. பள்ளிப் படிப்போடு நின்ற தொழிலாளர்க்கு இயலும் ஆய்வு, பட்டம் பெற்ற நம் மாணவர்க்கு இயலாதோ?

ஒரு வார்ப்பாலைக் கணக்கு

நெறியைப் பெயரளவிற் கூறுவதினும் ஓர் எடுத்துக்காட்டால் விளக்குதல் நலம். கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்பாலை இருப்பதாகக் கொள்வோம். இது எங்கும் நிகழ்ந்ததன்று. பாடத்திற்காக நாம் அமைத்துக்கொண்ட கணக்கு.

அவ்வாலையில் பகல் ஷிப்டில் வார்க்கப்பட்ட 1,000 உருப்படிகளில் 30 தள்ளப்படுகின்றன. இரவு ஷிப்டில் வார்க்கப்பட்ட 1,000 உருப்படிகளில் 60 தள்ளப்படுகின்றன. எல்லாவற்றிலும் குறை ஒன்றே: உருப்படிக்குள் காற்றுக் குழிகள். அலுவலக அறையில் உடனே முடிவு பிறக்கிறது. இரவில் பணிபுரிவோரிற் பெரும்பாலோர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள். "அவர்களுக்கு அக்கறை இல்லை, தூங்கிவிடுகிறார்கள், ஊக்கத்தொகையைப் பிடித்தால் சரியாகிவிடும்" என்கின்றனர். இந்நிலையில் அங்கே தர ஆய்வாளராகச் சேர்ந்த நம் மாணவர் ஒருவரிடம் அறிக்கை கேட்கப்படுகிறது. அவர் செய்ய வேண்டுவன யாவை?

முதலாவது, வினாவைத் திருத்தி அமைத்தல். 'இரவுத் தொழிலாளரின் அக்கறையின்மையை எவ்வாறு போக்குவது?' என்பது ஆய்வு வினா அன்று. விடையைத் தன்னுள் ஒளித்து வைத்த வினா. 'இரவில் காற்றுக் குழிகள் மிகுதியாவது ஏன்?' என்பதே ஆய்வு வினா.

இரண்டாவது, வேறுபாடு மெய்யானதா என்று பார்த்தல். 30-க்கும் 60-க்கும் உள்ள வேறுபாடு தற்செயலாகவும் நேரலாமே! விகிதங்களை ஒப்பிடும் சோதனையைச் செய்தால், இரு ஷிப்டும் உண்மையில் ஒரே தன்மையன என்றால் இத்துணை வேறுபாடு தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்றே எனத் தெரிகிறது. ஆகவே வேறுபாடு மெய். இங்கேதான் பலரும் வழுக்கி விழுகின்றனர். சோதனை 'வேறுபாடு உண்டு' என்று மட்டுமே சொல்கிறது. அதற்குக் காரணம் யார் என்றோ யாது என்றோ சொல்வதில்லை.

மூன்றாவது, விவரங்களைப் பகுத்தல். வார்ப்பு மணலில் ஈரம் மிகுந்தால் உருகிய உலோகம் படும்போது ஆவி எழுந்து குழிகள் உண்டாகும் என்பது அத்தொழில் அறிந்த செய்தி. எனவே மணல் எந்தக் கலவை எந்திரத்திலிருந்து வந்தது என்று நம் ஆய்வாளர் பதிவேட்டைப் புரட்டுகிறார். ஆலையில் இரண்டு எந்திரங்கள் உள்ளன. பகலில் 800 உருப்படிகளுக்கு முதல் எந்திரத்தின் மணல். அவற்றுள் 16 தள்ளப்பட்டன. 200 உருப்படிகளுக்கு இரண்டாம் எந்திரத்தின் மணல். அவற்றுள் 14 தள்ளப்பட்டன. இரவில் 200 உருப்படிகளுக்கு முதல் எந்திரத்தின் மணல், தள்ளப்பட்டவை 4. எஞ்சிய 800-க்கு இரண்டாம் எந்திரத்தின் மணல்; தள்ளப்பட்டவை 56.

இப்போது விகிதத்தைக் காண்போம். முதல் எந்திரத்தின் மணலில் பகலிலும் நூற்றுக்கு 2. இரவிலும் நூற்றுக்கு 2. இரண்டாம் எந்திரத்தின் மணலில் பகலிலும் நூற்றுக்கு 7. இரவிலும் நூற்றுக்கு 7. இரவுத் தொழிலாளியின் கை பகல் தொழிலாளியின் கைக்குச் சிறிதும் தாழ்ந்ததன்று. அவன் கையில் கொடுக்கப்பட்ட மணல்தான் வேறு.

நான்காவது, காரணத்தின் வேரைத் தேடல். டொயோட்டா நிறுவனத்தில் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்கும் வழக்கம் உண்டு. குழி ஏன்? மணலில் ஈரம். ஈரம் ஏன்? இரண்டாம் எந்திரத்தில் நீர் அளவு தவறுகிறது. அளவு தவறுவது ஏன்? அளவுமானி பழுது. பழுது பார்க்கப்படாதது ஏன்? அதுபற்றி எழுத்தில் முறையீடு இல்லை. முறையீடு இல்லாதது ஏன்? முறையீட்டுப் படிவம் பகலில் மட்டும் திறந்திருக்கும் அலுவலகத்தில் உள்ளது. இரவுத் தொழிலாளி தன் மொழியில் வாயாற் சொன்னதை எவரும் குறித்துக்கொள்ளவில்லை. அக்கறையற்றவன் என்று எவன்மீது பழி சுமத்தினரோ, அவனே குறையை முதலிற் சொன்னவன்!

ஐந்தாவது, முடிவைச் சோதித்தல். அளவுமானியைச் செப்பனிட்ட பின், சில நாள்களுக்கு எந்திரங்களை ஷிப்டுகளுக்கிடையே மாற்றிக் கொடுத்து மீண்டும் எண்ண வேண்டும். இரண்டாம் எந்திரத்தின் விகிதம் இறங்கினால் மட்டுமே நம் கருதுகோள் நிற்கும். இறங்காவிடின் வேறு காரணம் தேட வேண்டும். தம் கருதுகோள் தோற்றதை ஒப்புக்கொள்ளும் துணிவு ஆய்வாளர்க்கு இருத்தல் வேண்டும்.

தொழிலிடத்துக் குறைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு அமைப்பைச் சார்ந்தவை, நிருவாகத்தின் பொறுப்பில் உள்ளவை என்று டெமிங் தம் பட்டறிவிலிருந்து மதிப்பிட்டார். அது அவருடைய மதிப்பீடே. எல்லா ஆலைக்கும் அவ்வெண் அப்படியே பொருந்தும் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் ஆளைக் குற்றம் சொல்லுமுன் அமைப்பை நோக்குக என்னும் அவர் கருத்து எங்கும் பொருந்தும்.

வினாவும் மொழியும்

ஆலையில் எல்லாவற்றையும் எண்ணி அளந்துவிட முடியாது. தொழிலாளர் ஏன் விலகிச் செல்கின்றனர், உணவகம் எப்படி, பயிற்சி போதுமா ஆகியவற்றைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். இதற்கு வினாப்பட்டியல் உதவும். 'முழுதும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் உடன்படவில்லை' வரை ஐந்து படிகளில் விடை பெறும் அளவுகோலை 1932-இல் ரென்சிஸ் லிக்கர்ட் அறிமுகப்படுத்தினார். இன்று அதனைப் பயன்படுத்தாத நிறுவனம் அரிது. ஆனால் அளவுகோல் நேராக இருந்தும் வினா கோணலாக இருந்தால் பயனென்ன?

'நல்ல வசதிகளைச் செய்து தந்துள்ள நிருவாகத்தின்மீது உங்களுக்கு மனநிறைவு உண்டா?' என்பது விடையைத் திணிக்கும் வினா. 'ஊதியமும் உணவும் போதுமானவையா?' என்பது இரு வினாக்களை ஒன்றாகக் கட்டியது. ஊதியம் போதும், உணவு போதாது என்பவர் என்ன விடை தருவார்? மேற்பார்வையாளரே எதிரில் நின்றுகொண்டு, 'மேற்பார்வையாளரின் நடத்தை எப்படி?' என்று கேட்டால் கிடைக்கும் விடை, விடையே அன்று.

கும்மிடிப்பூண்டி ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். அங்கே தமிழும் தெலுங்கும் இயல்பாகப் புழங்குகின்றன. வடமாநிலத் தொழிலாளரின் வருகையால் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் சேர்ந்துள்ளன. ஆங்கிலத்தில் அச்சிட்ட வினாப்பட்டியலைக் கொடுத்துக் கட்டத்தில் குறியிடச் சொன்னால், முன்னிருப்பவன் இட்ட இடத்திலேயே பின்னிருப்பவனும் இடுவான். வினாவை அவரவர் மொழியில் பெயர்க்க வேண்டும். பெயர்த்ததை, மூலத்தைப் பார்க்காத வேறொருவரைக் கொண்டு மீண்டும் மூலமொழிக்கு மாற்றச் செய்து, பொருள் திரியவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். எழுத்தறியாதவரிடம் வாய்மொழியாகக் கேட்டுக் குறிக்க வேண்டும். சொல்லின் நுட்பம் அறிந்த மொழித்துறை மாணவர்க்கு இங்கே பெரும்பணி காத்திருக்கிறது.

எத்தனை பேரைக் கேட்பது என்பது அடுத்த வினா. பெருந்தொகையினரிடம் ஒரு விகிதத்தை நூற்றுக்கு ஐந்து கூடுதல் குறைவுக்குள், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதியோடு மதிப்பிட, ஏறத்தாழ 385 பேர் போதும். 400 பேர் மட்டுமே உள்ள ஆலையாயின் ஏறத்தாழ 200 பேர் போதும். ஆனால் எண்ணிக்கையினும் இன்றியமையாதது தேர்ந்தெடுக்கும் முறை. உணவகத்தில் எதிர்ப்பட்டவரை மட்டும் கேட்டால், உணவகத்திற்கு வராதவர் குரல் விடுபடும். பெயர்ப்பட்டியலிலிருந்து சீட்டுக் குலுக்கலாலோ, ஒத்த முறையாலோ தேர்வு செய்ய வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் பெயர் அப்பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்தல் வேண்டும். பட்டியலில் இல்லாதவர் எந்தக் குலுக்கலிலும் வரமாட்டார்.

ஆய்வாளர் காக்க வேண்டிய அறம்

ஆய்வு மனிதரைப் பற்றியது. ஆகவே அதற்கு அறம் உண்டு. அமெரிக்காவில் சிக்காகோவை அடுத்த ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகள் மேலாண்மைப் பாடநூல்களில் இடம்பெற்றவை. விளக்கொளியைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி பெருகியது, தம்மை ஒருவர் கவனிக்கிறார் என்னும் உணர்வே அதற்குக் காரணம் என்று நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. ஆனால் தொலைந்துவிட்டதாகக் கருதப்பட்ட விளக்கொளிச் சோதனைத் தரவைக் கண்டெடுத்து, ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் என்னும் பொருளியலறிஞர்கள் 2011-இல் ஆராய்ந்தபோது, பாடநூல்கள் கூறும் அளவிற்கு அவ்விளைவு அதில் காணப்படவில்லை. இதிலிருந்து நாம் பெறும் பாடம் இரண்டு. பார்க்கப்படுவோர் பார்ப்பவரை அறிந்தே நடப்பர் என்பதை மறத்தலாகாது. புகழ்பெற்ற முடிவாயினும் அதன் மூலத்தரவைத் தேடிப் பார்க்க வேண்டும்.

தொழிலாளி நம்மை நம்பிச் சொன்னதை அவனுக்கெதிராகப் பயன்படுத்துவது வாக்குத் தவறுதல். பெயரைக் கேட்க வேண்டிய தேவையில்லாத இடத்தில் கேட்கலாகாது. எதற்காகக் கேட்கிறோம் என்பதை முன்னரே சொல்ல வேண்டும். விடை கூற மறுக்கும் உரிமையையும் அவனுக்கு வழங்க வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்பிற்கென 2023-இல் நம் நாட்டில் சட்டமும் இயற்றப்பட்டுள்ளது. சட்டம் இல்லாத காலத்தும் நம்பிக்கை காத்தல் கடமையாகவே இருந்தது.

மற்றோர் அறமும் உண்டு. மேலதிகாரி விரும்பும் முடிவுக்கு ஏற்ப எண்களைத் தெரிந்தெடுத்துக் கொடுக்கும் இழுக்கு ஆய்வில் நேரக்கூடும். நம் வார்ப்பாலைக் கணக்கில், பகுக்காமல் விட்ட 30-ம் 60-ம் பொய்யான எண்கள் அல்ல. அவை மெய்யான எண்களே. ஆயினும் அவற்றை மட்டும் அறிக்கையில் எழுதியிருந்தால், ஓர் ஏழையின் ஊதியம் பறிபோயிருக்கும். அளவுமானியும் பழுதாகவே கிடந்திருக்கும். ஆலையின் நட்டமும் தொடர்ந்திருக்கும்.

சிறு தொழிலுக்கும் உரியது

பெரிய ஆலைக்கே இது பொருந்தும், சிறு வணிகர்க்கு எதற்கு என்று நம் சமுதாயப் பெரியோர் கேட்கலாம். கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகள் பலவும் பழைய இரும்பை மின்னுலையில் உருக்குவன. அவ்வாலைகளுக்குப் பழைய இரும்பு அனுப்பும் வணிகர் ஒருவர், எந்த இடத்திலிருந்து வந்த சரக்கில் எவ்வளவு மண்ணும் துருவும் கழிக்கப்பட்டன என்பதை ஒரு குறிப்பேட்டில் மூன்று மாதம் எழுதி வரட்டும். எவரிடம் வாங்குவது இலாபம் என்பதை அக்குறிப்பேடே சொல்லும். உணவகம் நடத்துபவர் மீந்த உணவை நாள்வாரியாகக் குறிக்கட்டும். ஆலைகளின் வார விடுமுறைக்கும் தம் நட்டத்திற்கும் உள்ள தொடர்பு அவருக்கே தெரியவரும். இதற்கு வேண்டுவன ஒரு குறிப்பேடும், நாள்தோறும் தவறாமல் எழுதும் பழக்கமும், கண்டதைக் கண்டபடி எழுதும் நேர்மையுமே.

கல்வி நிறுவனங்களுக்கும் இதிற் பொறுப்புண்டு. தொழிற்பேட்டைகள் இத்துணை அருகில் இருக்க, மாணவர்தம் ஆய்வேடுகள் முந்தைய ஆய்வேட்டின் படிகளாக அமைவது வருந்தத்தக்கது. ஒவ்வொரு மாணவரும் ஒரு சிறிய ஆலையின், கடையின், பணிமனையின் ஒரே ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு ஒரு திங்கள் கவனித்து எண்ணி எழுதினால், அவ்வேடு மாணவர்க்கும் பயன்படும், அத்தொழிலுக்கும் பயன்படும். வணிகவியல் மாணவர் கணக்கைப் பார்க்க, தமிழ் மாணவர் வினாவையும் மொழியையும் செப்பம் செய்ய, இரு துறையினரும் கூடிச் செய்தல் இன்னும் சிறப்பு.

முடிவுரை

வணிக ஆய்வு முறை என்பது நெஞ்சில் முன்னரே எழுதிவைத்த தீர்ப்பை நிறுத்திவைத்து, சான்றைக் கேட்கும் பழக்கம். சாமிநாதையர் ஏடுகளிடம் கேட்டார். காசெட் வாற்கோதுமையிடம் கேட்டார். பாடியின் தொழிலாளர் தம் எந்திரங்களிடம் கேட்டனர். நம் மாணவர் நாளை கும்மிடிப்பூண்டியிலோ திருவள்ளூரிலோ ஓர் ஆலையில் அமர்ந்து, தள்ளுபடிப் பட்டியலைக் கையில் வாங்கும் நாள் வரும். 'இது யார் செய்த தவறு?' என்று அறையில் உள்ளோர் கேட்பர். 'இது ஏன் நேர்ந்தது?' என்று முதலிற் கேட்பவராக நம் மாணவர் இருப்பாராயின், அவர் கற்ற கல்வி பயன் தந்தது எனலாம். இரவு ஷிப்டு முடித்து விடியற்காலையில் அறைக்குத் திரும்பும் ஓர் இளைஞனின் ஊதியமும் அவனுடைய நற்பெயரும் காக்கப்படும்.